பதினேழாம் நம்பர் காட்டு இருவாச்சி

பிப்ரவரி 9, ஞாயிறு

விடிஞ்சதும் முதல் வேலையா, வாட்ஸாப் குரூப்ல ரோஜாப்பூவோட 'காலை வணக்கம்' போட்ட ஆளுக்கு நாலு வார்த்தை கொடுத்தேன். இது பூ வியாபாரமா? மலைக்கண் குரூப். இருநூத்திப் பன்னெண்டு பேர் இருக்கோம். மலை ஏறுறவங்க, பறவை பாக்குறவங்க, வண்டைக் கண்டா மண்டி போட்டுப் படுத்துப் படம் எடுக்குறவங்க. படம் எடுக்கிறதே தொழிலா இருக்கிறவங்க ஒருத்தரும் கிடையாது. எடுத்ததைப் போடலாம், எந்த ஊரு எந்த மலைன்னும் போடலாம். ஆனா கூடு, குட்டி, குகை இந்த மூணும் கிடையாது. குஞ்சு பறந்துபோன பிறகு வேணும்னா போட்டுக்கோ. இது நான் போட்ட சட்டம். எஸ்டேட் டிஸ்பென்சரியில நர்ஸா இருபத்தாறு வருஷமா ஊசி போடுற கை இது. சட்டத்தை மீறுறவங்களைத் தூக்குறதும் இதே கைதான்.

ஆறு மணிக்கே பதினேழாம் நம்பர் காட்டுக்குப் போயிட்டேன். எஸ்டேட்டுல தேயிலைப் பகுதி ஒவ்வொண்ணையும் நம்பர் போட்டுக் காடுன்னுதான் சொல்லுவோம். தேயிலை முடியுற இடத்துல ஒரு துண்டுச் சோலை, அதுல ரோட்டைப் பாத்து நிக்கிற பெரிய வெடிப்பலா மரம். அந்தப் பொந்துலதான் இருவாச்சி அடைஞ்சிருக்கு. பொட்டை உள்ள போய் வாசலை எச்சமும் மண்ணும் வச்சு அடைச்சிக்கிட்டு, அலகு நுழையற சந்து மட்டும் விட்டிருக்கு. முட்டை, குஞ்சு எல்லாம் உள்ளயேதான். மூணு நாலு மாசத்துக்கு ஆண் பறவை கொண்டாந்து ஊட்டினாத்தான் அதுக்குச் சோறு. அது வரலைன்னா தாயும் பிள்ளையும் உள்ளயே காய வேண்டியதுதான். மூணு வாரத்துக்கு முந்தி குரூப்ல இருக்கிற, ஜீப் ஓட்டுற குணசீலன்தான் கூட்டிட்டு வந்து காமிச்சான். "சிஸ்டர், உங்க கண்ணுக்கு மட்டும்"னான். விஷயம் தெரிஞ்சது மூணே பேருக்கு: அவன், நான், அந்தக் காட்டுல கொழுந்து எடுக்குற மாசாணி அக்கா.

என்கிட்ட பெரிய கேமரா ஏது? பைனாகுலர் கண்ணுல போனை ஒட்ட வச்சு மூச்சை அடக்கி எடுக்கறதுதான். நாப்பத்திமூணு எடுத்ததுல நாப்பத்திரெண்டு பாழ். ஒண்ணே ஒண்ணு, ஆண்டவரே! ஆண் பறவையோட அலகு நுனியில ஒரு அத்திப்பழம், சந்து வழியா பொட்டையோட அலகு நுனி. ரெண்டுக்கும் நடுவுல விரற்கடை தூரம். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கிற நேரத்துல பத்து தடவை பாத்துட்டேன். சோறு குழைஞ்சுபோச்சு.

சட்டம் போட்டவளே மீறக்கூடாது. குரூப்ல போடலை.

பிப்ரவரி 12

கோயம்புத்தூர்ல இருந்து வரதன் சார் கூப்பிட்டார். வருஷா வருஷம் மே மாசம் காட்டுப் படக் கண்காட்சி வைக்கிறவர். குரூப்ல இருந்தாலும் யார் படத்துக்கும் லேசுல வாயைத் திறக்க மாட்டார். "சிஸ்டர், இந்த வருஷம் உங்க படம் ஒண்ணாவது இருக்கணும்"னார். என்னமோ வாய்க்கு வந்துடுச்சு, ஒரு இருவாச்சிப் படம் இருக்குன்னுட்டேன். கண்காட்சி மே மாசம்தானே, அதுக்குள்ள குஞ்சு பறந்துடும், சட்டப்படி தப்பில்லை.

வாட்ஸாப்புல சும்மா அனுப்பினா கலங்கிப்போகுதாம், பெருசாப் போட முடியாதாம். டாகுமெண்ட்டா அனுப்புங்கன்னு எப்படின்னு சொல்லியும் கொடுத்தார். அனுப்பிட்டேன்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

பிப்ரவரி 13

வரதன் சார் பதில் போட்டிருக்கார். "அற்புதம். இது பொறுமையின் படம்." எனக்கு இந்தப் புகழ்ச்சி எல்லாம் பெருசு கிடையாது. சும்மா எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 14

பொறுமையின் படம்னு சொன்னார். யாரும் இப்படிச் சொன்னதில்லை.

பிப்ரவரி 20

மாசாணி அக்கா கால்ல அட்டை கடிச்ச இடம் சீழ் வச்சு கட்டுப் போட வந்தாங்க. கட்டுப் போடும்போதே, "சிஸ்டரம்மா, நம்ம காட்டு ரோட்டுல ஒரு வெள்ளைக் கார் நின்னுச்சே, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"ன்னாங்க. எனக்கு எவனையும் தெரியாது. குழல் மாதிரி கேமரா வச்சிருந்தானாம். கொழுந்து எடுக்குறதை எடுக்க வந்திருப்பான்னு விட்டுட்டோம்.

இன்னைக்கு ஆறு தீனி. அக்கா இடுப்புல படுதாவைக் கட்டுற கயித்துல, ஆண் பறவை ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு முடிச்சுப் போடுறாங்க. கொழுந்து எடை போட்டுட்டு நாலரைக்கு டிஸ்பென்சரி பக்கம் வந்து காமிச்சுட்டு அவுத்துடுவாங்க. நல்ல ஏற்பாடு.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஏழு கார். ஏழு!

நான் போகும்போதே மரத்துக்கு நேர் கீழ முக்காலி போட்டு வரிசையா நிக்கிறாங்க, கல்யாண வீட்டு வீடியோக்காரங்க மாதிரி. ஒருத்தன் போன்ல இருவாச்சிக் குரலைப் போட்டு ஸ்பீக்கர்ல அலற விடுறான், ஆண் பறவை சண்டைக்கு வருமாம். அது வந்துச்சு. ரெக்கைச் சத்தம் கேட்டு எல்லாரும் "ஓ"ன்னாங்க. மரத்தை ஒரு சுத்து சுத்திட்டு, வாய்ல பழத்தோட அப்படியே திரும்பிப் போயிடுச்சு. உள்ள இருந்து பொட்டை அலகை நீட்டி நீட்டிப் பாத்துச்சு. எனக்குப் பொறுக்கலை. "ஏன்யா, உன் பொண்டாட்டி பிள்ளை பெத்துப் படுத்திருக்கும்போது வாசல்ல நின்னு மைக் போட்டாச் சும்மா இருப்பியா?"ன்னு கேட்டேன். சிரிக்கிறான்.

எப்படித் தெரியும்னு கேட்டா, "எல்லாருக்கும் தெரியும் மேடம்"னு ஒரு பதில்.

சாயங்காலம் வரைக்கும் ரெண்டே தீனி.

பிப்ரவரி 24

மூணு பேருக்குத் தெரிஞ்ச விஷயம். நான் சொல்லலை. மாசாணி அக்காகிட்ட பட்டன் போன். மிச்சம் யாரு? ஆள் ஏத்துறதே பொழைப்பா இருக்கிறவன்.

குணாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சிஸ்டர், சத்தியமா நான் இல்ல. ஒரு ஆளைக்கூட அந்தப் பக்கம் ஏத்திக்கிட்டுப் போகல"ன்னான். "அப்ப காத்து வந்து சொல்லிச்சா?"ன்னேன். "நான்தானே உங்களுக்கே காமிச்சேன்"னான். "அதான், எனக்குக் காமிச்சவன் ஊருக்குக் காமிக்க எவ்வளவு நேரம்?"ன்னேன். பேசாம வச்சுட்டான். குத்தம் இருக்கிறவன்தான் வாயை மூடுவான்.

குரூப்ல எழுதினேன்: "நம்மில் ஒரு ஜீப்காரர் ஒரு கூட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டார். இந்தக் குரூப்பில் அவருக்கு இடமில்லை." எழுதிட்டு அவனைத் தூக்கினேன். நூறு பேர் கைதட்டுற படம் போட்டாங்க. வரதன் சாரும் போட்டார்.

பிப்ரவரி 27

மேனேஜரைப் பாத்தேன். "பறவைக்காக ரோட்டுக்குக் கேட் போட முடியாது சிஸ்டர்"னார். சரி, முடியாதுன்னா நான் என்ன செய்வேன்னு அவருக்குத் தெரியாது.

தினமும் காலையில ஆறுல இருந்து எட்டரை வரைக்கும் ரோட்டுல நான். அப்புறம் டூட்டி. பகல்ல மாசாணி அக்கா. சாயங்காலம் அஞ்சுல இருந்து இருட்டுற வரைக்கும் மறுபடி நான். மேக்காடு போகணும், ரெண்டு மாசமா நினைச்சுக்கிட்டிருந்த மலை. அது எங்கயும் ஓடிடாது.

மார்ச் 1

ஒரு வேலை செஞ்சேன். டிஸ்பென்சரியில பழைய போலியோ சொட்டு மருந்துத் தட்டி ஒண்ணு கிடந்துச்சு. அதைத் திருப்பி, சிவப்புப் பெயின்ட்ல "எச்சரிக்கை! கதண்டுக் கூடு. சென்ற வாரம் நான்கு பேர் ஆஸ்பத்திரியில் அனுமதி"ன்னு எழுதி ரோட்டு ஓரத்துல நட்டேன். கதண்டுங்கிற காட்டுக் குளவி கொட்டினா என்ன ஆகும்னு மலையில யாருக்கும் சொல்ல வேணாம். சமவெளியில இருந்து வர்றவங்களுக்காக அடியில ஒரு மண்டையோடும் வரைஞ்சேன். பொய்தான். பாவ சங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லிக்கிறேன்.

ரெண்டு கார் வந்துச்சு. கண்ணாடியை ஏத்திக்கிட்டுத் திரும்பிடுச்சு. நாலு தீனி!

மார்ச் 5, சாம்பல் புதன்

நெத்தியில சாம்பலோட ரோட்டுல நின்னேன். அஞ்சு தீனி. மாசாணி அக்கா காது வச்சுக் கேட்டுட்டு, உள்ள குஞ்சுக் குரல் மாதிரி கேக்குதுங்கிறாங்க.

மார்ச் 6

கடைவீதியில குணாவைப் பாத்தேன். அவன் பாக்கலை. ஜீப் ஸ்டாண்டுல எவனோ, "என்னப்பா, இன்னைக்கு இருவாச்சி சவாரி இல்லையா?"ன்னு கத்துறான், எல்லாரும் சிரிக்கிறாங்க. லாட்ஜுக்காரங்களும் இப்ப அவனைக் கூப்பிடுறது இல்லையாம். செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும்.

தக்காளி வாங்க மறந்துட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில பதினொரு கார், ஒரு வேன். கதண்டுத் தட்டியைப் பிடுங்கி அது பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்கிறாங்க. கையை விரிச்சுக்கிட்டு நடு ரோட்டுல நின்னேன். ஒருத்தன், "இது உங்க அப்பன் வீட்டு ரோடா?"ன்னான். "இருபத்தாறு வருஷமா நான் நடந்த ரோடுடா"ன்னேன். என்னைச் சுத்திக்கிட்டுத் தேயிலைக்குள்ள இறங்கிப் போறாங்க, கிளை எல்லாம் ஒடியுது.

அதுல ஒரு ஆள் கொஞ்சம் மரியாதையான ஆள். திருப்பூர்ல பள்ளிக்கூட வாத்தியாராம். அவர்கிட்ட, "யார் சார் உங்களுக்கு இந்த இடத்தைச் சொன்னது? பேரைச் சொல்லுங்க, ஜீப்காரன்தானே?"ன்னு கேட்டேன். "யாரும் சொல்லல மேடம். படத்துலயே இருக்கே"ன்னு போனை நீட்டினார்.

அப்புறம் தலைவலி. மாத்திரை போட்டுப் படுத்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல.

மார்ச் 10

பூஜ்யம். கயித்துல ஒரு முடிச்சுகூட இல்லை.

மார்ச் 11

ஒரு தீனி. மழை. சாம்பாருக்கு உப்புப் போட்டேனா இல்லையான்னே தெரியலை.

போன்ல இடம் காட்டுற பொத்தான் தன்னாலயே திறந்திருக்குமாம். எடுக்கிற படத்தோட அந்த இடமும் ஒட்டிக்கிட்டே வருமாம். சும்மா அனுப்பினா வாட்ஸாப் அதைத் துடைச்சிடுமாம். டாகுமெண்ட்டா அனுப்பினா துடைக்காதாம். படத்தை மேல தள்ளினா சிவப்புப் புள்ளியோட வரைபடம் விரியும், புள்ளி நேரா வெடிப்பலா மேல நிக்கும். இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

மார்ச் 12

எழுதிடுறேன்.

அந்த வாத்தியார் நீட்டின போன்ல இருந்தது என் படம். அலகு நுனி, அத்திப்பழம், விரற்கடை. பிப்ரவரி ஒம்பது, காலை ஏழு நாப்பத்திரெண்டு. கூட்டைக் காட்டிக்கொடுத்தது நான்.

தெரியாமச் செஞ்சேன்னு எழுத வந்தேன். எழுதி அடிச்சுட்டேன். அந்தப் புள்ளி சமாச்சாரம் எனக்குத் தெரியாது, சரி. கூட்டுப் படத்தை வெளிய அனுப்பக்கூடாதுன்னு தெரியுமே? அதை எழுதினவளே நான்தானே? மே மாசம், கண்காட்சி, சட்டப்படி தப்பில்லைன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு அனுப்பினேன். வரதன் சார் வாயால ஒரு வார்த்தை வாங்கணும்னு அனுப்பினேன். அம்பத்திரெண்டு வயசுல இது எனக்குத் தேவையா?

அவரைக் கூப்பிட்டேன். "நான் கமிட்டியில பதினோரு பேருக்குத்தான் அனுப்பினேன் சிஸ்டர், எல்லாரும் நல்லவங்க"ன்னார். "அந்தப் பதினோரு நல்லவங்கள்ல ஒருத்தராலதான் சார் பறவை பட்டினி கிடக்கு. அதுக்கு முந்தி என்னால"ன்னேன். படத்தைக் கண்காட்சியில இருந்து எடுத்துடுங்கன்னேன். "முதல் படம் அதுதான்னு முடிவாயிடுச்சே, இப்ப எடுத்தா நல்லாவா இருக்கும்? மே மாசம் வரை ஆறப் போடுங்களேன்"னார். எடுங்க சார்னு வச்சுட்டேன்.

ரெண்டு தீனி.

மார்ச் 13

காலையில அஞ்சு மணிக்கு குரூப்ல போட்டேன். அடிச்சுத் திருத்தினதை எல்லாம் விட்டுட்டு, போட்டதை மட்டும் இங்க எழுதுறேன்.

"கூட்டைக் காட்டிக்கொடுத்தது குணசீலன் இல்லை. நான். புகழுக்கு ஆசைப்பட்டுக் கூட்டுப் படத்தை வெளியே அனுப்பினேன். அதோடு இடமும் போய்விட்டது. தெரிந்துகொள்ளாமல் ஒரு நல்ல மனிதன் மேல் இருநூறு பேர் முன்னால் பழி போட்டேன். கைதட்டியவர்கள் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இன்று முதல் நான் அட்மின் இல்லை. அந்தப் படம் யாரிடம் இருந்தாலும் அழியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கேமரா இல்லாமல் காவலுக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள். அமலோற்பவம்."

போட்டுட்டு போனை அணைச்சுட்டேன். டூட்டி முடிஞ்சதும் நேரா குணா வீட்டுக்கு. குழாயடியில ஜீப் கழுவிக்கிட்டிருந்தான். வாளியைக் கீழ வைக்கலை.

"படிச்சேன் சிஸ்டர். வேற ஆள் போன்ல காமிச்சாங்க. நான்தான் குரூப்ல இல்லையே."

"என்னை மன்னிச்சிரு குணா."

"என் மக பள்ளிக்கூடத்துல, உங்க அப்பா பறவையை வித்தவராமேன்னு கேட்டிருக்காங்க. அவ என்கிட்ட வந்து கேக்குறா, நெசமாப்பான்னு. நான் என்ன சொல்ல?"

நானும் நின்னேன், தண்ணியும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அவனே குழாயை மூடினான்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பாப்போம். இன்னைக்கு எத்தன தீனி?"

"ரெண்டு."

"பத்தாதே. குஞ்சு பொரிச்சிருச்சுன்னா ரெண்டு பத்தாது." டயர்ல ஒட்டியிருந்த சேத்தை ஒரு கையால தட்டி விட்டான். "ஞாயித்துக்கெழம கொழுந்து லாரி வராது. மூணாவது வளைவு ரொம்பக் குறுகல். வண்டிய அங்க குறுக்க நிறுத்தி பானெட்டைத் தெறந்து வச்சுடுறேன். எவன் வந்தாலும் கிளட்ச் போயிருச்சும்பேன். உங்களுக்காக இல்ல சிஸ்டர்."

"தெரியும்."

"தெரிஞ்சாச் சரி"ன்னு வாளியோடயே உள்ள போயிட்டான்.

மார்ச் 16, ஞாயிறு

இருநூத்திப் பன்னெண்டு பேர்ல ஒம்பது பேர் வந்தாங்க. என்னைத் திட்டுறதுக்குன்னே உடுமலைப்பேட்டையில இருந்து ஒரு அம்மா வந்தாங்க. அரை மணி நேரம் திட்டிட்டு, கொண்டாந்த புளிசாதத்தை எனக்கும் வச்சுட்டு, சாயங்காலம் வரைக்கும் காவல் நின்னாங்க. மனுஷின்னா அவங்க.

மூணாவது வளைவுல ஜீப் பானெட்டைத் திறந்துக்கிட்டு நின்னுச்சு. கார்கள் பின்னாலயே நின்னு ஹாரன் அடிச்சுட்டுத் திரும்பிடுச்சு. ஒரு கோயம்புத்தூர்க்காரர் மட்டும் எறங்கி வந்து எஞ்சினை எட்டிப் பாத்து, "கிளட்ச்க்கு எதுக்குப்பா ரேடியேட்டரைத் தொறந்து வச்சிருக்க?"ன்னு கேட்டாராம். குணா, "இது மலை வண்டி சார், அப்படித்தான்"ன்னானாம். உடுமலை அம்மா வந்து சொன்னாங்க. என்கிட்ட அவன் பேசலை.

மூணு தீனி.

மார்ச் 19

கதவு திறந்துச்சு. பொந்தோட கதவு இல்ல, மேனேஜர் கதவு. அவர் மக குரூப்ல இருக்காளாம், என் பதிவை அவர்கிட்ட படிச்சுக் காமிச்சாளாம். ரோட்டுக்குக் குறுக்க சங்கிலி போட்டாச்சு. காருக்குத் தடை. நடந்து வர்றவங்களுக்கு நானும் ஒம்பது பேரும் போதும். வனத்துறை ஆளுங்களும் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போனாங்க, மரத்துக்கிட்ட யாரும் நிக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க.

ஆனா ஆண் பறவைக்கு இதெல்லாம் யாரு சொல்றது? பழத்தோட வருது. எதிர் மரத்துல உக்காந்து ரோட்டையே பாக்குது. கால் மணி நேரம், அரை மணி நேரம். சில தடவை ஊட்டுது. சில தடவை பழத்தோடயே திரும்பிடுது. நான் தேயிலைக்குள்ள படுத்துக்கிட்டு, வந்துடு ராசா, யாரும் இல்ல, வந்துடுன்னு முனகுறேன். மலை ஏறுறேன், காட்டை எடுக்குறேன்னு இத்தன வருஷம் பெருமை பேசினதுக்கு இப்ப மண்ணுல படுத்துக் கெடக்குறேன். கெடக்கட்டும். எந்திரிக்கிறதா இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

காலையில பூசைக்குப் போகலை. ஃபாதர் கேட்டார். "ஆண்டவர் ஞாயித்துக்கிழமைதோறும் பதினேழாம் நம்பர் காட்டுல இருக்கார் ஃபாதர்"னேன். அவர் சிரிக்கலை.

மூணு தீனி.

மார்ச் 26

ஒரே ஒரு முடிச்சு. ஒரு வாரமா இப்படித்தான், ரெண்டு, ஒண்ணு, மூணு. மாசாணி அக்கா, "உள்ள கெடக்குற ரெண்டு உசுருக்கு இது எம்மாத்திரம் சிஸ்டரம்மா?"ன்னு கேட்டுட்டு முடிச்சை அவுக்காமலே போயிட்டாங்க.

மார்ச் 27

காலையில ஏழேகாலுக்குப் பொந்துல டொக்கு டொக்குன்னு சத்தம். உள்ள இருந்து இடிக்குது. மண்ணும் எச்சக் கட்டியும் விழுது. பொட்டை வாசலை உடைச்சுக்கிட்டு வெளிய வந்துடுச்சு.

பாக்கவே முடியலை. ரெக்கை ஒழுங்கா முளைக்கலை, வால் குட்டை. கிளையில உக்காந்து தள்ளாடுது. பசி தாங்காம வந்திருக்கு. பெத்த தாய் பிள்ளையை விட்டுட்டு வெளிய வரணும்னா அதுக்கு முந்தி உள்ள என்ன பாடு பட்டிருக்கும்? தத்தித் தத்திப் பறந்து சோலைக்குள்ள போயிடுச்சு. பொந்து ஆளில்லாத வீடு மாதிரி திறந்து கெடக்கு. குஞ்சு உள்ள. கீரி, மரநாய், பாம்பு, எதுக்கு வேணும்னாலும் வழி.

நான் ரோட்டுலயே உக்காந்து அழுதேன். குணா எப்ப வந்தான்னு தெரியலை, பக்கத்துல நின்னான். "அழுது என்ன சிஸ்டர் ஆகப்போகுது? எந்திரிங்க. இன்னைக்கு முழுக்க ஒருத்தன் இந்த ரோட்டுல கால் வைக்கக் கூடாது. அது திரும்பி வர்றதா இருந்தா இன்னைக்குத்தான் வரும்"னான்.

லீவு எழுதிக் கொடுத்தேன். இருபத்தாறு வருஷத்துல சாவு, கல்யாணம், காய்ச்சல் இதுக்கு எழுதியிருக்கேன். காரணம்கிற இடத்துல 'சொந்த வேலை'ன்னு போட்டேன்.

மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் வரலை.

மூணு மணிக்கு ரெண்டும் வந்துச்சு. ஆண், பின்னால தள்ளாடிக்கிட்டே பொட்டை. ஆண் ஊட்டுச்சு. அது போனதும் பொட்டை வந்து எட்டிப் பாத்து, அதுவும் ஊட்டுச்சு. அது விட்டுட்டுப் போகலை. சம்பாதிக்கப் போயிருக்கு! குணா ஒரு கல்லு மேல உக்காந்துக்கிட்டு தலையில ரெண்டு கையையும் வச்சுக்கிட்டான்.

மார்ச் 28

இதை நான் யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டாங்க.

திறந்து கெடந்த வாசல் மூடுது. உள்ள இருந்து. குஞ்சு, இறகு முழுசா மூடாத குஞ்சு, அலகால எச்சத்தையும் பழச்சக்கையையும் எடுத்து ஓரத்துல அப்புது. தட்டித் தட்டி வைக்குது. கீழ விழுது. மறுபடி எடுத்து வைக்குது. யாரும் அதுக்குச் சொல்லித் தரலை, அம்மாவும் கூட இல்லை. காலையில ஆறரைக்குப் பாக்கும்போது ஒரு பக்கம் ரெண்டு விரல் அகலம். சாயங்காலம் பாதி வாசல்.

அவ்வளவூண்டு உசுரு தன் கதவைத் தானே கட்டிக்கிட்டிருக்கு. நான் என்னமோ எல்லாம் முடிஞ்சதுன்னு ரோட்டுல உக்காந்து அழுதேன். வெக்கமா இருந்துச்சு.

மார்ச் 30, ஞாயிறு

சந்து மட்டும்தான் மிச்சம். மூடிடுச்சு. ஏழு தீனி, ரெண்டு பேருமாச் சேந்து.

ஏப்ரல் 6

ஒம்பது தீனி. சங்கிலியைத் தாண்டி வந்த நாலு பேரை உடுமலை அம்மா விரட்டினாங்க. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

உபவாசம். குணா மகளைக் கூட்டிட்டு வந்தான். அவகிட்ட நானே சொன்னேன். "உங்க அப்பா பறவையை விக்கலைம்மா. தப்பு செஞ்சது நான், பழி போட்டது அவர் மேல." அந்தப் பிள்ளை என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "எங்க அப்பாகிட்ட ஸாரி சொன்னீங்களா?"ன்னு கேட்டா. சொன்னேன்னேன். "அவர் என்ன சொன்னார்?" "அப்புறம் பாப்போம்னார்." "அப்ப இன்னும் மன்னிக்கல"ன்னா. தெளிவான பிள்ளை.

மே 4, ஞாயிறு

நேத்து கோயம்புத்தூர்ல கண்காட்சி தொடங்கிடுச்சாம். வரதன் சார் கூப்பிடலை. நானும் கூப்பிடலை. ஒரு யானைப் படம்தான் முதல் படமாம், குரூப்ல போட்டிருந்தாங்க. நல்ல படம்.

எட்டு தீனி. குஞ்சு சந்து வழியா முழு அலகையும் நீட்டுது. இன்னும் பத்து நாள்தான்ங்கிறான் குணா. நேரா என்னைப் பாத்துச் சொல்லலை, உடுமலை அம்மாகிட்டச் சொல்ற மாதிரி சொன்னான்.

மே 14

காலையில எட்டரை வரைக்கும் மரத்தடிக்கு எதிர்ல இருந்தேன். குஞ்சு வாசலை இடிச்சுக்கிட்டிருந்துச்சு, கட்டி கட்டியா விழுந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாப் பாத்திருப்பேன். எட்டரைக்கு டிஸ்பென்சரியில இருந்து ஆள் ஓடி வந்துச்சு. இருபத்திரெண்டாம் நம்பர்ல கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த பொம்பளையைக் கதண்டு கொட்டிடுச்சாம். நிசமான கதண்டு. அந்தத் தட்டியில எழுதின பொய்க்கு ஆண்டவர் தண்டனை வேற யாருக்கோ கொடுத்துட்டாரேன்னு அடிச்சுப் பிடிச்சு ஓடினேன். முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கிக்கிட்டு கெடந்தாங்க. ஊசி போட்டு, ஆக்சிஜன் வச்சு, மூச்சு சீராகுற வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பத்தேகாலுக்குக் கண்ணைத் திறந்து தண்ணி கேட்டாங்க.

தண்ணி கொடுத்துக்கிட்டிருக்கும்போது போன். குணா. பிப்ரவரிக்கு அப்புறம் அவனா என்னைக் கூப்பிடுறது இதுதான் முதல் தடவை.

"சிஸ்டர், பறந்துருச்சு."

தண்ணி டம்ளரை மேசையில வச்சேன்.

"மொதல்ல எதிர் மரத்துல போய் விழுந்துச்சு. விழுந்துச்சுன்னுதான் நெனச்சேன். அப்புறம் எந்திரிச்சு ரெக்கைய ஒதறிட்டு மேக்கால போயிருச்சு. அப்பனும் ஆத்தாளும் ரெண்டு பக்கமும் போறாங்க. நீங்க இருந்திருக்கணும் சிஸ்டர். நீங்க இல்லாதது எனக்கு நல்லாவே இல்ல."

பெட்ல கெடந்த பொம்பளை, "ஏன் சிஸ்டரம்மா அழுவுறீங்க, எனக்கு ரொம்ப மோசமா?"ன்னு பயந்துட்டாங்க. இல்லம்மா, நீங்க பொழைச்சுட்டீங்க, எல்லாரும் பொழைச்சுட்டோம்னு சொன்னேன்.

டூட்டி முடிஞ்சு நடந்து போனேன். சங்கிலிக்கு அந்தப் பக்கம் ஒரு கார். புருஷன் பொண்டாட்டி, என் வயசுதான் இருக்கும். அந்தம்மா இறங்கி வந்து, "ஏங்க, இருவாச்சிக் கூடு இங்கதானாமே?"ன்னு கேட்டாங்க. ரெண்டரை மாசமா இந்தக் கேள்விக்கு நான் சொல்லாத பொய் இல்லை, போடாத சண்டை இல்லை. இன்னைக்குச் சங்கிலியை நானே அவுத்தேன். கூட்டிட்டுப் போய் மரத்தைக் காமிச்சேன். "இங்கதாம்மா இருந்துச்சு. இன்னைக்குக் காலையில கிளம்பிடுச்சு"ன்னேன்.

அவங்க முகம் சுருங்கிப்போச்சு. "அடடா, கொடுத்து வைக்கலையே. நீங்களாவது போட்டோ எடுத்து வச்சிருக்கீங்களா?"

"எடுத்தேன்ம்மா. அதனாலதான் அது சாக இருந்துச்சு"ன்னேன்.

என்னை ஒரு மாதிரியா பாத்தாங்க. அவர் காரை அணைச்சுட்டு இறங்கி வந்தார். நான் ரோட்டு ஓரத்துக் கல்லுல உக்காந்து ஒண்ணு விடாம முதல்ல இருந்து சொன்னேன். குணா பேரை ரெண்டு தடவை சொன்னேன், நான் பழி போட்ட இடத்துல ஒண்ணு, அவன் காவல் நின்ன இடத்துல ஒண்ணு.